பறக்கும் விமானத்தில் வெடிக்கும் துப்பாக்கி

சென்ற ஆண்டு எம் கல்லூரி விடுதியில் ஒரு சனிக்கிழமை இரவு படக்காட்சி ஒன்று நிகழ்ந்தது. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோல்டுபிங்கர்' என்னும் ஆங்கிலப் படம் அது. அதன் இறுதியில், உயரப் பறக்கும் விமானமொன்றில் கொடியோனது கைத்துப்பாக்கி வெடிக்க, குண்டு பாய்ந்து சாளரம் உடைய, அச்சாளரத்தின் வழியே அக்கொடியோனே வெளியில் இழுக்கப்பட்டு மறைகின்றான். காட்சி முடிந்து உணவுச்சாலைக்கு வந்த யாம் சோறு ஆறிப்போவதையும் மறந்து அரைமணி நேரம் வாதிட்டோம். 'ஒரு குண்டு போதும், விமானம் பலூன்போல் வெடித்துவிடும்' என்றனர் சிலர். 'அஃதெல்லாம் படக்காரர் கட்டிய கதை, ஒன்றும் நேராது' என்றனர் வேறு சிலர். தமிழ் ஆனர்ஸ் பயிலும் உமக்கு இவ்விஷயத்தில் வாய் திறக்க உரிமை யாது என ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். உரிமையில்லை என்பது மெய்யே. ஆயினும் வினா எம்மை விட்டபாடில்லை. பௌதிகப் பேராசிரியர் ஒருவரை அணுகிக் கணக்கைக் கற்றோம். நூல்நிலையத்திற் சென்று பழைய விபத்துக்களின் வரலாற்றைப் படித்தோம். படிக்கப் படிக்க, இரு கட்சியாரும் பார்க்கவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது எமக்குப் புலனாயிற்று. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் காற்றின் இயல்பை அறிதல் வேண்டும். நாம் காற்றுக்கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றோம். கடல் மட்டத்தில் அக்காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 14.7 ராத்தல் விசையோடு அழுத்துகின்றது. உயரம் ஏற ஏற அவ்வழுத்தம் குறையும். பெரிய ஜெட் விமானங்கள் செல்லும் 35,000 அடி உயரத்தில் அஃது ஏறத்தாழ மூன்றரை ராத்தலே. கடல் மட்டத்தில் உள்ளதின் காற்பங்கிலும் குறைவு. ஆண்டுக் குளிரோ பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டும். அத்துணை உயரத்தில் முகமூடியின்றி இருப்பவன், மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாலும், பிராணவாயு குருதியிற் போதிய அளவு சேராமையின், அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷத்திற்குள் செய்வதறியாது மயங்குவான். 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் தாக்குப்பிடிக்கலாம். இதில் கொடுமை யாதெனின், மயங்குகின்றவன் தான் மயங்குவதை உணர்வதில்லை. மகிழ்ச்சியாகவே இருப்பதும் உண்டாம்.

ஆதலின் விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். 6,000 அடியிலிருந்து 8,000 அடி வரையுள்ள மலைமீது எத்துணை அழுத்தம் இருக்குமோ அத்துணை அழுத்தம் உள்ளே நிலவும். உதகமண்டலத்தில் நிற்பவன் எவ்வளவு எளிதாக மூச்சு விடுகின்றானோ அவ்வளவு எளிதாக, வெளியே மரணம் சூழ்ந்திருக்க, பயணி காப்பி அருந்திக்கொண்டிருக்கலாம். உள்ளழுத்தத்திற்கும் புறவழுத்தத்திற்கும் உள்ள வேற்றுமை சதுர அங்குலத்திற்கு 8 ராத்தல் அளவினது. விமானம் ஊதிய பலூன் போன்றது என்று எம் நண்பர் கூறியதற்கு இதுவே அடிப்படை. அவர் கூற்று இம்மட்டில் பிழையன்று.

பலூனுக்கும் விமானத்திற்கும் உள்ள வேற்றுமையை அவர் எண்ணிலர். பலூனின் வாயைக் கட்டிவிடுகின்றோம். விமானத்தின் வாயோ எப்போதும் திறந்தே இருக்கின்றது. எந்திரங்கள் அழுத்தித் தரும் புதுக்காற்று ஓயாது உள்ளே பாய, பழங்காற்று பெரும்பாலும் வாற்பக்கத்தில் அமைந்த ஒரு கதவின் வழியே ஓயாது வெளியேறுகின்றது. அக்கதவு தானே அகலவும் சுருங்கவும் வல்லது. அஃது அகன்றால் உள்ளழுத்தம் குறையும், சுருங்கினால் கூடும். வயற்குத் தண்ணீர் விடும் மடையைப் போன்றது என்று கொள்க. வரப்பில் நண்டுவளை ஒன்று தோன்றினால் உழவன் செய்வது என்ன? கடைமடையைச் சிறிது அடைத்துக்கொள்கின்றான். வயலில் நீர்மட்டம் மாறுவதில்லை.

இனி நண்டுவளையின் அளவைக் காண்போம். 9 மில்லிமீட்டர்க் கைத்துப்பாக்கியின் குண்டு விமானத்தின் அலுமினியத் தோலைத் துளைத்துச் சென்றால் அத்துளையின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மில்லிமீட்டர். ஒலியின் வேகத்தில் காற்று அதன் வழியே சீறிப் பாய்ந்தாலும், ஒரு நிமிஷத்தில் வெளியேறுவது 700 கிராமுக்கு மேற்படாது. இக்கணக்கைப் பேராசிரியர் எமக்குக் கரும்பலகையில் இருமுறை போட்டுக் காட்டினார். முதல் முறை எமக்கு விளங்கவில்லை. ஒரு பயணிக்கு நிமிஷமொன்றுக்கு ஏறத்தாழ கால் கிலோகிராம் புதுக்காற்று வழங்குமாறு விமானங்களை அமைக்கின்றனர். 150 பேர் செல்லும் விமானத்தில் நிமிஷத்திற்கு 37 கிலோகிராம் உள்ளே வருகின்றது. அதில் 700 கிராம் என்பது மூன்று பயணிகளின் பங்கு. கடைமடை சற்றே சுருங்கும், அவ்வளவுதான். காதுக்கு ஒரு சீழ்க்கையொலி கேட்கலாம். வெளியே இழுக்கப்படுவது துளையருகில் வைத்த காகிதத் துண்டாகவே இருக்கும்.

ஆயினும் துளை பெரிதாகிக் கிழியாதோ என்னும் ஐயம் எழுகின்றது. இவ்வையம் வீண் ஐயம் அன்று. இதன் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் நாள் எல்பாத் தீவின் அருகே ஒரு 'காமெட்' விமானம் நடுவானிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். மூன்று திங்கள் கழியுமுன், ஏப்ரல் 8-ஆம் நாள், நேப்பிள்ஸ் நகருக்கருகே மற்றொரு காமெட் அவ்வாறே வீழ்ந்தது. அதில் 21 பேர். உலகின் முதல் ஜெட் பயணி விமானம் அது. காரணம் காணும் பொருட்டு இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்து, ஒரு காமெட் விமானத்தின் உடலை மாபெருந் தொட்டியில் அமிழ்த்தி, அதனுள் நீரை நிரப்பி அழுத்தியும் தளர்த்தியும், நூற்றுக்கணக்கான பயணங்களைத் தரையிலேயே நிகழ்த்திக் காட்டினர். இறுதியில் அவ்வுடல் ஒரு திறப்பின் மூலையிற் கிழிந்தது. கம்பியைப் பலமுறை வளைத்தால் அது ஒடிவதுபோல, உலோகமும் களைப்படைகின்றது. கூரிய மூலைகளில் முதலிற் களைப்படைகின்றது. இவ்வுண்மையை 56 உயிர்களின் விலைக்கு மனிதர் வாங்கினர். அதன்பின் வந்த விமானங்களில், எங்கேனும் கீறல் தோன்றினாலும் அடுத்த விலாவெலும்பு போன்ற சட்டத்தண்டை அது நின்றுபோகுமாறு அமைத்தனர். வட்டமான ஒரு சிறு குண்டுத் துளை, ஆயிரமாயிரம் பயணங்களில் வளர்ந்த கீறலன்று.

கிழிந்தாலுங்கூட உடனே எல்லாம் முடிந்துவிடும் என்பதற்கில்லை. 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலு சென்ற அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம், 24,000 அடி உயரத்தில் தன் மேற்கூரையில் ஏறத்தாழ 18 அடி நீளத்தை இழந்தது. பயணிகள் தலைக்குமேல் வானத்தைப் பார்த்தவாறே பறந்தனர். பணிப்பெண் ஒருவர் காற்றில் வாரிச் செல்லப்பட்டு மறைந்தார், பலர் காயமுற்றனர், ஆனால் விமானிகள் மாயித் தீவில் அதனை இறக்கிவிட்டனர். இருக்கைப் பட்டையைக் கட்டியிருந்தோர் எல்லாரும் பிழைத்தனர். அங்கும் காரணம் உலோகத்தின் களைப்பே. 89,000 முறைக்கு மேல் எழுந்திறங்கிய பழைய விமானம் அது.

சாளரத்தைப் பற்றிச் சில சொல்வோம். அது கண்ணாடியன்று, ஒருவகைத் தடித்த பிளாஸ்டிக். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தகடுகள் கொண்டது. நம் கைபடும் உள்தகடு சுமை தாங்குவதன்று, வெளித்தகடே தாங்குகின்றது. குண்டு பட்டால் அது பெரும்பாலும் துளைபடுமேயன்றிப் பொடிப்பொடியாக உதிர்வதில்லை. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மித்பஸ்டர்ஸ்' குழுவினர் ஒரு பழைய விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்பிச் சுட்டுப் பார்த்தபோது, சுவரிலும் சாளரத்திலும் சிறு துளைகளே உண்டாயின. தரையில் நிறுத்திய விமானத்திற் செய்த சோதனைதானே என்று சிலர் குறை கூறுவர். எனினும் அழுத்த வேற்றுமையைப் பொறுத்தமட்டில் அச்சோதனை தக்கதே.

ஆனால் ஒரு சாளரம் முழுதும் பெயர்ந்துவிடின் நிலைமை வேறு. உயரத்திற் பறக்கையில் ஒரு சிறு சாளரத்தின் மீதுள்ள மொத்த விசை ஏறத்தாழ 500 கிலோகிராம். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டாலஸ் சென்ற சௌத்வெஸ்ட் விமானத்தில் எந்திரத்தின் விசிறியலகு ஒடிந்து, சிதறிய துண்டொன்று சாளரத்தை உடைத்தது. அதனருகில் இருந்த பெண்மணியின் உடல் பாதி வெளியே இழுபட்டது. பயணிகள் அரும்பாடுபட்டு உள்ளே இழுத்தும் அவர் உயிர் தங்கவில்லை. 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றில், அளவு தவறிய திருகாணிகளால் மாட்டப்பட்ட முன்கண்ணாடி பெயர்ந்து, தலைமை விமானியே இடுப்பளவு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணைவிமானி சௌதாம்ப்டனில் இறக்கினார். இறந்துவிட்டார் என்று பிறர் எண்ணிய அவர் உயிர் பிழைத்து மீண்டும் விமானம் ஓட்டினார்! ஆகவே படக்காரர் முழுப்பொய் சொன்னார் என்றும் யாம் கூறோம். அவர் கைத்துப்பாக்கிக்குக் கொடுத்த ஆற்றல்தான் மிகை.

இங்ஙனம் எழுதி வரும்போதே எம் கட்சிக்கு மாறான ஒரு நிகழ்ச்சியைக் கண்டோம். அதை மறைத்தல் முறையன்று. 1985-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் ஆதென்ஸிலிருந்து கெய்ரோ நோக்கிப் புறப்பட்ட எகிப்து நாட்டு விமானத்தை மூவர் கைப்பற்றினர். அதில் மாற்றுடையிற் சென்ற காவலர் ஒருவர் அவர்களுள் ஒருவனைச் சுட்டு வீழ்த்தினார்; ஏனையோர் அவரைச் சுட்டனர். இப்போரில் விமானத்தின் உடல் துளைபட்டது; உள்ளழுத்தம் விரைந்து குறைந்தது; விமானி 14,000 அடிக்குக் கீழிறங்க நேர்ந்தது. தாழ்வாகப் பறக்கும் ஜெட் விமானம் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். நினைத்த இடத்திற்குச் செல்ல எரிபொருள் போதாமையின் மால்ட்டாத் தீவில் இறங்கியது. ஆண்டு நிகழ்ந்த கொலைகளிலும், மறுநாள் படைவீரர் உட்புகுந்த தாக்குதலிலும் அறுபது பேர் மாண்டனர். ஒரு துளைக்கு ஒத்த கணக்கு பல துளைகளுக்கு ஒவ்வாது என்பதை இங்குக் காண்கின்றோம். ஆயினும் உற்றுநோக்குமின்! அழுத்தம் குறைந்ததனால் அவ்விமானம் வெடிக்கவில்லை. அறுபதின்மரைக் கொன்றதும் அத்துளைகள் அல்ல.

தோலைத் துளைக்கும் குண்டு போகும் வழியில் வேறெவற்றைத் துளைக்கும்? சுவருக்கும் தரைக்கும் இடையே கம்பிகளும் குழாய்களும் ஓடுகின்றன. பெரிய விமானங்களில் இவை ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக, வெவ்வேறு வழிகளில் அமைக்கப்பட்டிருத்தலின், ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவும். எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. சாதாரணக் குண்டு பட்டவளவில் எளிதில் தீப்பற்றாது. எமக்கு அச்சம் தந்தது பிராணவாயு உருளையே. 2008-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து மெல்போர்ன் சென்ற குவாண்டாஸ் விமானத்தின் சரக்கறையில் ஒரு பிராணவாயு உருளை தானே வெடித்தது. விமானத்தின் வயிற்றில் ஓர் ஆள் நுழையத்தக்க பெருந்துளை உண்டாயிற்று. மணிலாவில் ஒருவருக்கும் ஊறின்றி இறங்கினர். அங்குச் சுட்டவர் எவருமில்லை. குண்டுபட்ட உருளை அதுபோல் வெடிக்குமாயின் விளைவதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஈண்டு ஒரு சிறு விலகல். எம் வகுப்பு நண்பர் ஒருவர் ஒரு நுட்பமான வினா எழுப்பினார்: 'விமானம் நொடிக்கு 250 மீட்டர் செல்கின்றது. குண்டு நொடிக்கு 350 மீட்டர் செல்கின்றது. மூக்கிலிருந்து வால்நோக்கிச் சுட்டால் குண்டின் வேகம் நூறாகக் குறையுமன்றோ?' நிலத்தில் நின்று பார்ப்பவனுக்கு நூறே. வாற்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பயணிக்கோ 350 தான். அவனும் அவ்விமானத்தோடு 250 மீட்டர் எதிரே விரைந்து வருகின்றானே! சுட்டவன், குண்டு, இருக்கை, காற்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் பங்குகொள்ளுதலின், விமானத்தினுள் வெடிக்கும் துப்பாக்கி வீட்டினுள் வெடிக்கும் துப்பாக்கியைப் போன்றதே.

விமானத்திற்கு வெளியே சுட்டாலோ வேடிக்கைகள் நிகழும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரோலான் காரோஸ் என்னும் பிரெஞ்சு விமானி, சுழலும் முன்விசிறியின் ஊடே சுடுவதற்காக, தன் குண்டே தன் விசிறியை ஒடித்துவிடாதபடி அதன் அலகுகளில் எஃகு ஆப்புக்களைப் பொருத்திக்கொண்டார். பின்னர் பாக்கரின் தொழிலகத்தார், அலகு குறுக்கே வரும் கணத்தில் துப்பாக்கி சுடாதிருக்கும் பொறியை அமைத்தனர். 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் டாம் ஆட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கச் சோதனை விமானி, கீழ்நோக்கிச் சாய்ந்து பறந்தவாறு தம் பீரங்கியைச் சுட்டார். காற்றின் தடையால் குண்டுகள் வேகம் குறைந்து தாழ, அவரது ஜெட் விமானமோ வேகம் குறையாது முன்சென்று அக்குண்டுகளையே எட்டிப் பிடித்து அடிபட்டது. தம்மைத் தாமே சுட்டு வீழ்த்திக்கொண்ட அவர் உயிரோடு தப்பினார். நிற்க.

இனி, யாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். குண்டு துளைப்பது அலுமினியத்தை மட்டுமன்று. நூற்றைம்பது பேர் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருக்கும் குறுகிய குழாய் விமானம். எழுந்தோட வழியில்லை, ஒளிய மறைவில்லை, இருக்கையின் பஞ்சு குண்டைத் தடுப்பதில்லை. குறி தவறிய குண்டு என ஒன்று அங்கு இல்லை. தவறினால் அது வேறொருவரைக் குறியாக்கிக்கொள்ளும். இவ்வனைவரினும் மேலாக, முன்னே ஒரு சிற்றறையில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். விமானத்தின் மற்றெல்லா உறுப்புக்களும் இரண்டாக, மூன்றாக இருக்கலாம். அவ்விருவருக்குப்பின் மூன்றாமவர் இல்லை.

1948-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் மக்காவிலிருந்து ஹாங்காங் சென்ற 'மிஸ் மக்காவ்' என்னும் கடல்விமானம், பயணி விமானக் கொள்ளைகளுள் முதலாவது எனப்படுவது. கொள்ளையர் சுட, விமானி கட்டுப்பாட்டுக் கோலின்மேற் சாய, விமானம் முத்தாற்றின் முகத்துவாரத்தில் மூக்கு முட்ட வீழ்ந்தது. இருந்த 26 பேரில் ஒருவன் பிழைத்தான். அவன் கொள்ளையருள் ஒருவன். அவ்விமானம் அழுத்தக் காற்று நிரப்பியதன்று, உயரப் பறந்ததுமன்று. 1964-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் ரீனோவிலிருந்து ஸ்டாக்டன் வழியாக ஸான் பிரான்சிஸ்கோ சென்ற பஸிபிக் ஏர் லைன்ஸ் விமானத்தில் ஒரு பயணி இரு விமானிகளையும் சுட்டான். 44 பேரும் மாண்டனர். சிதைவுகளிடையே கிடைத்த கைத்துப்பாக்கியில் ஆறு தோட்டாக்களும் வெறுமையாக இருந்தன. 'கோல்டுபிங்கர்' படம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். உண்மை நிகழ்ச்சியை மறந்து படத்தின் பொய்யை நாம் நினைவில் வைத்திருப்பது வியப்பாகவுள்ளது. 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவன விமானமொன்றில், வேலையினின்று நீக்கப்பட்ட ஒருவன், தன் பழைய அடையாளச் சீட்டின் துணையால் சோதனையின்றித் துப்பாக்கியோடு ஏறி, விமானிகளையும் சுட, 43 பேர் அழிந்தனர். இந்நிகழ்ச்சிகளுள் எதிலும் விமானத்தின் தோலிற்பட்ட குண்டு எவரையும் கொல்லவில்லை.

இவற்றைப் படித்துச் சோர்ந்திருந்தபோது யாம் கண்ட ஒரு வரலாறு எம் நெஞ்சைவிட்டு அகலாதது. 1970-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், நியூவர்க்கிலிருந்து பாஸ்டன் சென்ற ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் டி.ஸி.-9 விமானம். துப்பாக்கியோடு விமானியறையுட் புகுந்த ஒருவன், எரிபொருள் தீரும்வரை கிழக்கே கடல்மேற் பறக்குமாறு பணித்தான். தீர்ந்தபின் என்னாகும் என்பதை அவன் அறியாதவனல்லன்; அதுவே அவன் விரும்பியது. தலைமை விமானி ராபர்ட் வில்பர் எரிபொருள் நிரப்பவேண்டும் என்று சொல்லிக் காலம் கடத்தினார். அவன் சுட்டான். துணைவிமானி ஜேம்ஸ் ஹார்ட்லியின் உடலிற் குண்டு பாய்ந்தது. உயிர் பிரியும் நிலையிலும் அவர் எழுந்து அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டார், பின் வீழ்ந்தார். வில்பரின் இரு கைகளிலும் குண்டு பாய்ந்திருந்தது. வீழ்ந்தவன் மீண்டும் எழுந்து தாக்க வர, அத்துப்பாக்கியாலேயே அவனை அடித்து வீழ்த்தினார் வில்பர். குருதி ஒழுகும் கைகளோடு விமானத்தைப் பாஸ்டனில் இறக்கினார். பயணிகள் அனைவரும் பிழைத்தனர், ஹார்ட்லி இறந்தார். அந்தக் கைகளுள் ஒன்று முற்றும் செயலிழந்திருப்பின், அல்லது ஹார்ட்லி எழாதிருந்திருப்பின் என்று எண்ணும்போது, யாம் கரும்பலகையிற் போட்ட 64 சதுர மில்லிமீட்டர்க் கணக்கு மிகச் சிறியதாகத் தோன்றுகின்றது.

இத்தகைய கேட்டை எவ்வாறு தடுப்பது? துப்பாக்கியை உள்ளே விடாதிருத்தல் ஒருவழி. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பயணிகள் எல்லாரையும் சோதிக்கலாயினர். கதவைப் பூட்டுதல் மற்றொருவழி. பஸிபிக் விமானம் வீழ்ந்த 1964-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் அவ்விதி வந்தது. 2001-ஆம் ஆண்டுக்குப்பின் உலகெங்கும் குண்டு துளைக்காத கதவுகள் வந்தன. துப்பாக்கிக்கு எதிராகத் துப்பாக்கியை ஏற்றுதல் மூன்றாவது வழி. 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டு விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டபின், இந்தியாவும் மாற்றுடைக் காவலரை விமானங்களில் அனுப்பத் தொடங்கியது.

இம்மூன்றாம் வழியைப் பற்றி எம் விடுதியில் இன்னும் கருத்து வேற்றுமை தீரவில்லை. ஆதரிப்போர், 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சென்ற எல் ஆல் விமானத்தைக் காட்டுவர். விமானி திடீரென விமானத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்க, கடத்தவந்த இருவரும் நிலைதடுமாற, காவலர் ஒருவனைச் சுட்டு வீழ்த்தினர். பணியாளர் ஒருவர் குண்டுபட்டும் பிழைத்தார். விமானம் லண்டனில் நலமாக இறங்கியது. மறுப்போர், முன்னர்க் கூறிய எகிப்து விமானத்தைக் காட்டுவர். யாம் காட்டுவது வேறு. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி விமானிகளே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2008-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள், டென்வரிலிருந்து வந்து ஷார்லட் நகரில் இறங்கவிருந்த ஏர்பஸ் விமானத்தில், விமானி தம் துப்பாக்கியை உறையிலிட்டுப் பூட்டும்போது அது வெடித்து, குண்டு விமானத்தின் உடலைத் துளைத்து வெளியே சென்றது. தரையை நெருங்கித் தாழ்ந்து வந்துகொண்டிருந்தமையின் அழுத்தம் பற்றிய இடர் எழவில்லை, நலமே இறங்கினர். ஆனால் அக்குண்டு சற்றே திரும்பி மற்றொரு விமானியின்மேற் பாய்ந்திருக்கலாம் அன்றோ? எந்த இருவரைக் காக்கத் துப்பாக்கி வந்ததோ அந்த இருவருக்கு நடுவில் அது வெடித்தது. கதவையே யாம் விரும்புவோம். கதவும் குற்றமற்றதன்று: 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணைவிமானி, தலைமை விமானி வெளியே சென்ற வேளையில் அக்கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 உயிர்களை அழித்தான். அதனை அறிந்தபின்னும் எம் கருத்து கதவின் பக்கமே சாய்கின்றது. துப்பாக்கியை விரும்பும் நண்பர் தம் கருத்தை அடுத்த மலரில் எழுதுவாராக.

குண்டே பாயாத ஒரு துப்பாக்கியின் கதையும் உண்டு. 1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற 'கங்கா' என்னும் இந்திய விமானத்தை இரண்டு இளைஞர் கைத்துப்பாக்கியும் கையெறிகுண்டும் காட்டி லாகூருக்குத் திருப்பினர். பயணிகள் விடுவிக்கப்பட்டனர், விமானம் சில நாட்களில் தீக்கிரையாயிற்று. உடனே இந்தியா தன் வான்வழியே பாகிஸ்தான் விமானங்கள் செல்வதைத் தடுத்தது. அவை மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்கு இலங்கையைச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் போரும் மூண்டது. அந்த இளைஞர் கையிலிருந்த துப்பாக்கி விளையாட்டுத் துப்பாக்கி. கையெறிகுண்டு மரத்தாற் செய்தது.

'ஒரு குண்டு போதும்' என்று அன்று உணவுச்சாலையில் வாதிட்ட நண்பரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, 'அந்த விமானி அதை எப்படி அறிவார்?' என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை.